பிராகில் ஒரே ஒரு நாள், அதுவும் தனியாக

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: மே மாதம் வியன்னாவில் அலுவலக வேலை, முடிந்ததும் பிராகில் ஒரு முழு நாள். முந்தைய இரவே போய்ச் சேர்ந்துவிடுவார், மறுநாள் காலை ரயிலில் திரும்ப வேண்டும். கூட யாரும் இல்லை. கையில் பதினான்கு இடங்கள் கொண்ட பட்டியல். இதெல்லாம் ஒரே நாளில் முடியுமா, தனியாகப் போனால் போரடிக்காதா, தனியாகச் சாப்பிடக் கூச்சமாக இருக்குமே, பயமில்லையா என்று கேட்கிறார். பதினான்கும் முடியும். எல்லாமே நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன, ஓடி ஓடிப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அப்படிப் போவதாக இருந்தால் இங்கே கேட்டிருக்க மாட்டீர்கள். எதை விட்டால் பின்னால் வருத்தம் வராது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் துறையில் இருப்பவன், கல், சுண்ணாம்பு, விரிசல் இதுதான் பிழைப்பு. பிராகில் சில வருடங்கள் வேலை பார்த்தபோது ஊரிலிருந்து வந்தவர்களையெல்லாம் சுற்றிக்காட்டும் பொறுப்பு தானாகவே என் தலையில் விழுந்தது. அதில் கண்டுகொண்டது ஒன்றுதான். இந்த ஊரில் எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம். காலை ஆறு மணிக்கு இருக்கிற சார்லஸ் பாலமும் பதினொரு மணிக்கு இருக்கிற சார்லஸ் பாலமும் ஒரே பாலம் இல்லை. குழுவாக வருபவர்களால் ஆறு மணிக்குக் கிளம்பவே முடியாது, யாராவது ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார். தனியாகப் போகிற உங்களால் முடியும்.

நீங்கள் சொல்லாமல் விட்டது கிழமை. அது ரொம்ப முக்கியம். சனிக்கிழமை என்றால் யூதர் பகுதியின் அருங்காட்சியகமும் ஜெபக்கூடங்களும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தில் காலையில் வழிபாடு நடக்கும், பார்வையாளர்களை மதியம் பன்னிரண்டுக்குப் பிறகுதான் விடுவார்கள். கீழே நான் சொல்லும் வரிசை சாதாரண வேலைநாளுக்கானது. ஞாயிறு என்றால் அதை அப்படியே தலைகீழாக்கி, காலையில் யூதர் பகுதி, மதியத்துக்கு மேல் கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி என்றால், முடிந்தால் பயணத்தையே ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்வேன்.

மே மாதத்தில் ஐந்தேகால் வாக்கில் விடிந்துவிடும். ஆறு மணிக்குள் பழைய நகரப் பக்கத்துக் கோபுரத்தின் வழியாகப் பாலத்தில் ஏறுங்கள். அந்த நேரத்தில் கல்யாணப் புகைப்படம் எடுக்கும் ஜோடிகள் ஒன்றிரண்டு இருக்கும், ஓடுகிறவர்கள் சிலர் இருப்பார்கள், அவ்வளவுதான். பாலத்தின் நீளம் சுமார் 516 மீட்டர், 16 வளைவுகள். அரசர் நான்காம் சார்லஸ் காலத்தில் 1357-இல் தொடங்கியது. இதுவரை உறுதி. 1357, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், ஒற்றைப்படை எண்களை வரிசையாக எழுதினால் முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் ஒன்றாக வரும் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதை பிற்காலத்து ஊகம். அந்தக் காலத்து ஆவணம் எதுவும் அந்த நிமிடத்தைச் சொல்லவில்லை. சுண்ணாம்பில் முட்டை கலந்து கட்டினார்கள் என்பதும் அப்படித்தான். ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன, எனவே அதை ரசிக்கலாம், சத்தியம் செய்யக் கூடாது.

பாலத்தின் இருபுறமும் உள்ள முப்பது சிலைகளில் பல இப்போது நகல்கள்தான், மூலச்சிலைகளை உள்ளே கொண்டுபோய்ப் பத்திரப்படுத்திவிட்டார்கள். மணற்கல் எப்படிக் கறுத்திருக்கிறது என்று பாருங்கள். மழைநீர் ஓடிக் கழுவுகிற இடம் வெளுப்பாகவும், மழை படாத மடிப்புகளும் தாடைக்கு அடியும் கரியாகவும் இருக்கும். ஊர் முழுக்க நிலக்கரி எரித்த காலத்துப் புகை கல்லோடு சேர்ந்து உண்டாக்கிய மேலோடு அது. அழுக்குதானே என்று சுரண்டினால் கல்லும் சேர்ந்து வந்துவிடும்.

சிலைகளில் நிதானமாக நிற்க வேண்டியது பாதிரியார் நெப்போமுக் ஜானுடைய சிலையிடம். தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்கள் இருக்கும், 1683-இல் வைத்தது, பாலத்தின் சிலைகளிலேயே பழையது. அரசியின் பாவமன்னிப்பு ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் அரசன் நான்காம் வென்செஸ்லாஸ் அவரை ஆற்றில் தள்ளச் சொன்னான் என்பது எல்லோரும் சொல்லும் கதை. 1393-இல் அவர் ஆற்றில் தள்ளப்பட்டது உண்மை, ஆனால் காரணம் வேறு. ஒரு மடத்துக்கு யாரைத் தலைவராக்குவது என்று அரசனுக்கும் பேராயருக்கும் நடந்த சண்டையில் பேராயரின் அதிகாரியான இவர் மாட்டிக்கொண்டார் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பாவமன்னிப்புக் கதை பல பத்தாண்டுகள் கழித்து முளைத்தது. 1729-இல் புனிதராக அறிவித்தார்கள். அதன் பிறகு ஆஸ்திரியா வரைக்கும் பாலங்களில் எல்லாம் இவரை நிறுத்திவிட்டார்கள், திரும்பிப் போகும்போது உங்கள் கண்ணில் படலாம். பீடத்தில் இரண்டு வெண்கலத் தகடுகள் உண்டு. ஒன்றில் அவரைப் பாலத்திலிருந்து தள்ளுகிறார்கள், இன்னொன்றில் ஒரு வீரனும் நாயும். இரண்டிலும் கை படுகிற இடம் மட்டும் தங்கம்போல் மின்னும், சுற்றி எல்லாம் கறுப்பு. நாய்க்கும் வேண்டுதலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, முன்னால் நின்றவர் தொட்டார் என்று பின்னால் வந்தவரும் தொட்டதில் வந்த பளபளப்பு அது.

பாலத்தைத் தாண்டினால் கோட்டைக்குக் கீழே இருக்கும் மாலா ஸ்ட்ரானா பகுதி. அங்கிருந்து கோட்டைக்கு ஏறிப் போகாதீர்கள். மாலா ஸ்ட்ரானா சதுக்கத்தில் 22-ஆம் எண் டிராமைப் பிடித்து மேலே பொஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கிக் கீழ்நோக்கி நடந்து வாருங்கள், முழங்கால் உங்களை வாழ்த்தும். டிராமுக்குள்ளேயே அட்டையைத் தட்டி டிக்கெட் எடுக்கலாம். காகித டிக்கெட் என்றால் உள்ளே இருக்கும் மஞ்சள் பெட்டியில் ஒரு முறை குத்திக்கொள்ள வேண்டும், குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. பரிசோதகர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள், சுற்றுலாப் பயணி என்ற தயவெல்லாம் கிடையாது.

கோட்டை வளாகத்தைக் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் கட்டடங்கள் ஒன்பது மணிக்கு. அந்த இடைவெளியில் பேராலயத்தை வெளியே சுற்றி வாருங்கள். இதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். எல்லோரும் கழுத்தை வளைத்துப் படம் எடுக்கும் மேற்கு முகப்பைப் பார்த்ததும் எழுநூறு வருடக் கட்டடம் என்று தோன்றும். 1344-இல் தொடங்கியது நிஜம், ஆனால் ஹுசைட் மதப் போர்களில் வேலை நின்றுபோய், பாதிக் கோயிலாகவே நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து, முழுதாக முடிந்தது 1929-இல். நீங்கள் பார்க்கும் முகப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டிலும் எழுந்தது. சந்தேகம் இருந்தால் வட்ட ரோஜா சன்னலுக்குப் பக்கத்தில் உற்றுப் பாருங்கள், கோட்டு சூட்டுப் போட்ட ஆட்கள் கல்லில் இருப்பார்கள். கட்டி முடித்த கட்டடக் கலைஞர்கள் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியே தெற்குப் பக்கம் வந்தால் கட்டடக் கலைஞர் பீட்டர் பார்லர் கட்டிய பழைய பகுதி. பொன்வாசலின் மேல் 1370-களில் பதித்த கண்ணாடிச் சில்லு ஓவியம், காலை வெயில் பட்டால் தனி அழகு. பார்லர் இந்த வேலைக்கு வந்தபோது அவருக்கு இருபதுகளின் தொடக்கம்தான்.

ஒன்பது மணிக்கு உள்ளே போகும் முதல் ஆட்களில் ஒருவராக இருங்கள். இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில் செக் ஓவியர் ஆல்ஃபோன்ஸ் முஹா வடிவமைத்த 1931-ஆம் ஆண்டு சன்னல். மற்ற சன்னல்களைப் போல வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் மட்டும் கோத்ததில்லை, கண்ணாடி மேலேயே தீட்டியது, அதனால்தான் முகங்களில் அவ்வளவு நுணுக்கம். அடியில் பணம் கொடுத்த வங்கியின் பெயரும் இருக்கும், நம் கோயில் ட்யூப்லைட்டில் உபயம் எழுதுகிற அதே சுபாவம். பழைய அரண்மனைக்குப் போனால் 1618 மே 23 அன்று இரண்டு ஆளுநர்களையும் ஒரு செயலரையும் தூக்கி எறிந்த சன்னல் உண்டு, முப்பதாண்டுப் போருக்குத் தொடக்கமான சம்பவம். மூவருமே பிழைத்துக்கொண்டார்கள், அது உறுதி. கத்தோலிக்கர்கள் மாதா தாங்கிப் பிடித்தாள் என்றார்கள், தூக்கி எறிந்த புராட்டஸ்டண்டுகளின் தரப்பு சாணக் குவியலில் விழுந்தார்கள் என்றது. இரண்டுமே பிரசாரம்தான். பொற்தெருவை நான் விட்டுவிடச் சொல்வேன். எழுத்தாளர் கஃப்கா 1916-17 குளிர்காலத்தில் 22-ஆம் எண் வீட்டில் எழுதியது நிஜம்தான், ஆனால் இப்போது அங்கே தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுப்பை.

இறங்கும்போது நெருடோவா தெரு வழியாக வாருங்கள். வீட்டு எண்கள் வருவதற்கு முன், அதாவது 1770 வரைக்கும், வீடுகளை அடையாளம் சொல்லப் படங்கள்தான். இரண்டு சூரியன், மூன்று வயலின் என்று வாசலுக்கு மேல் இன்னும் இருக்கின்றன. பதினொரு மணிக்கு மேல் எதிரே மேலே ஏறி வரும் கூட்டத்தைப் பார்க்கும்போது என்னை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. வேலைநாட்களில் மதியம் பதினொன்றிலிருந்து இரண்டு வரை அலுவலகக்காரர்களுக்கான மதிய மெனு போடுவார்கள், அதே கடையில் இரவு கொடுப்பதைவிடக் குறைவான விலை. ஆற்றங்கரையிலிருந்தும் சதுக்கத்திலிருந்தும் இரண்டு தெரு உள்ளே போனால் போதும். சைவம் என்றால் வறுத்த சீஸ் எங்கும் கிடைக்கும், ஸ்மஷெனி சீர் என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு சூப் கிடைக்கும், ஆனால் இறைச்சி வடிநீரில் வைத்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் காளானும் சோயிக்கீரையும் பாலாடையும் சேர்த்த குலாய்டா சூப்பைத் தவறவிடாதீர்கள். கம்யூனிஸ்ட் காலத்தில் வேலைக்கு வந்து தங்கிவிட்ட வியட்நாமியர்கள் நிறையப் பேர், அவர்களுடைய உணவகங்களில் நம் நாக்குக்குத் தேவையான காரம் உண்டு. தெருவில் கம்பியில் சுற்றிச் சுடும் சர்க்கரை ரொட்டி, அதாவது ட்ர்டெல்னிக், பழைய செக் பலகாரம் என்று பலகை வைத்திருப்பார்கள். இந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள், சுற்றுலாக்காரர்களுக்காகச் சமீபத்தில் வந்தது. சாப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை, சர்க்கரை சர்க்கரைதான்.

தனியாகச் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே அது ஒரு விஷயமே இல்லை. பியர்க்கடைகளில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே நீள மேசையில் உட்காருவது வழக்கம். "யே து வோல்னோ?" என்று, இங்கே காலியா என்று, கேட்டுவிட்டு உட்காரலாம். கேட்காமல் உட்கார்ந்தால்தான் முறைப்பார்கள். பியர் குடித்தால் ஒரு காகிதத் துண்டில் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள், கோப்பை காலியானால் சொல்லாமலே அடுத்தது வரும். போதும் என்றால் அடியில் இருக்கும் அட்டையை எடுத்துக் கோப்பை மேல் வைத்துவிடுங்கள். குடிப்பதில்லை என்றால் கோஃபோலா கேளுங்கள், 1960-இலிருந்து இவர்களுடைய சொந்தக் கோலா, கொஞ்சம் மூலிகை வாசனை வரும், பிடிக்காமலும் போகலாம்.

மதியம் மூன்று வாக்கில் மானெஸ் பாலம் வழியாகத் திரும்ப வந்தால் யான் பலாக் சதுக்கம். 1969 ஜனவரியில், சோவியத் படைகள் நாட்டை ஆக்கிரமித்ததற்குப் பிந்தைய நாட்களில், தீக்குளித்த இருபது வயது மாணவர் பெயர் அது. அவர் படித்த சார்லஸ் பல்கலைக்கழகக் கலைப்புலத்தின் கட்டடம் எதிரிலேயே இருக்கிறது, சுவரில் அவருடைய முக வார்ப்பு. தமிழர்களுக்கு இந்த இடத்தில் இன்னொரு காரணமும் உண்டு. தமிழறிஞர் கமில் சுவெலபில் பிராகில் பிறந்தவர், தமிழ் கற்பித்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். 1968-க்குப் பிந்தைய அந்தக் கொந்தளிப்பில்தான் அவரும் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டிவந்தது. எந்த வழிகாட்டியும் இதைச் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

அங்கிருந்து நடந்தால் இரண்டு நிமிடத்தில் பின்காஸ் ஜெபக்கூடம். உங்கள் பதினான்கில் இது இல்லை. மற்ற எதை விட்டாலும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே பொருள் எதுவும் பெரிதாக இல்லை, சுவர்தான். நாஜிகள் கொன்ற பொஹேமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஊர்வாரியாக, ஊருக்குள் குடும்பவாரியாக. குடும்பப் பெயர் சிவப்பில், அதற்குக் கீழே ஒவ்வொருவராக, பிறந்த தேதி, உயிரோடிருந்ததாகத் தெரிந்த கடைசித் தேதி. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் நெசவு மாதிரி தெரியும், கிட்டப் போனால்தான் எழுத்து. 1950-களில் எழுதியது, 1968-க்குப் பிறகு கட்டடத்தை மூடியதில் ஈரம் ஏறி அழிந்து, 1990-களில் மறுபடியும் முழுவதும் எழுதினார்கள். என் தொழில்காரன் கண்ணுக்கு அந்த ஈரம் இன்னும் கவலைதான், ஆற்றுக்குப் பக்கம், தாழ்வான நிலம், 2002 வெள்ளத்திலும் அடிபட்டது. மாடியில் தெரெசின் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். கூட ஆள் இருந்தால் ஏதாவது பேசியாக வேண்டும். இங்கே பேச ஒன்றுமில்லை. தனியாக வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிற இடம் இது.

வெளியே வந்தால் பழைய கல்லறை, சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். இடம் போதாமல் மேலே மேலே மண் போட்டுப் புதைத்ததால் கற்கள் நெருங்கிவிட்டன. களிமண்ணில் கோலெம் என்ற பொம்மை மனிதனைச் செய்து உயிர் கொடுத்ததாகச் சொல்லப்படும் ரபி லோவ் 1609-இல் இறந்தார், கல்லறை இங்கேதான். அவரோடு கோலெமைச் சேர்த்துச் சொல்லும் கதை அச்சில் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

வானியல் கடிகாரத்தை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு மணி எலும்புக்கூடு மணியடித்து அப்போஸ்தலர்கள் வந்து போவது ஒரு நிமிடக் கூத்து, அதைப் பார்த்து ஏமாந்தவர்கள்தான் அதிகம். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் நீல வட்டு. 1410-இல் செய்தது. வெளிவட்டத்தில் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை இருப்பது சூரியன் மறைவதிலிருந்து எண்ணும் மணி, அதனால் அந்த வட்டம் வருடம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே வளைந்த தங்கக் கோடுகள் பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் மணி, பகல் நீண்டால் மணியும் நீளும். சின்ன வட்டத்தில் பன்னிரண்டு ராசிகளும் இருக்கின்றன, சூரியன் எந்த ராசியில் என்று பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் கணக்கும் நம் பஞ்சாங்கக் கணக்கும் சுமார் 24 பாகை தள்ளியிருக்கும், குழம்ப வேண்டாம். இதைச் செய்த ஹனுஷின் கண்களை நகராட்சி பிடுங்கிவிட்டது என்ற கதை பொய். செய்தவர் கதானைச் சேர்ந்த மிக்குலாஷ் என்பது 1410-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இருக்கிறது. பக்கத்துத் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள், மேலே சொன்ன சன்னல் சம்பவத்தில் தொடங்கிய கிளர்ச்சிக்காக 1621 ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்ட தலைவர்களுக்காக. 

பாதுகாப்பு பற்றி. ஊர் பத்திரமானது, இரவு பத்து மணிக்கும் டிராமில் பாட்டிகள் போவார்கள். நான் ஆண், அதனால் என் அனுபவத்தை மட்டும் வைத்து உறுதி தர மாட்டேன், ஆனால் என்னோடு வேலைபார்த்த பெண்களும் இதையேதான் சொன்னார்கள். குடித்துவிட்டுக் கத்தும் வெளிநாட்டு இளைஞர் கூட்டம்தான் அவர்களுக்கு எரிச்சல். திருட்டு உண்டு, மூன்று இடங்களில் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்: 22-ஆம் எண் டிராம், பகல் நேரப் பாலம், மணியடிக்கும் நேரத்துக் கடிகாரம். அதைவிடப் பெரிய நஷ்டம் பணம் மாற்றுவதில்தான். கமிஷன் இல்லை என்று பெரிதாக எழுதியிருக்கும், மாற்று விகிதத்தில் உருவிவிடுவார்கள். ஏமாந்துவிட்டால் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்து செய்யலாம், 1,000 யூரோ வரைக்கும் 2019-இலிருந்து சட்டம் இருக்கிறது. இயந்திரத்தில் எடுத்தால், உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்கும், வேண்டாம், செக் பணமான கொருனாவிலேயே என்று அழுத்துங்கள். உண்மையில் அட்டை எல்லா இடத்திலும் செல்லும், கழிப்பறைக்குச் சில்லறை இருந்தால் போதும்.

சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகும். கால் மிச்சமிருந்தால் லெட்னா மேட்டுக்கு ஏறுங்கள், ஆற்றின் பாலங்கள் வரிசையாகத் தெரியும். அங்கே பெரிய தாளமானி, அதாவது மெட்ரோனோம், ஆடிக்கொண்டிருக்கும், அந்த மேடையில்தான் 1955-இல் ஸ்டாலினுக்குப் பிரம்மாண்டச் சிலை வைத்து, 1962-இல் அதே கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். லெனன் சுவர், நடனமாடும் வீடு, பெட்ரின் கோபுரம், உங்கள் பட்டியலில் மிச்சமிருப்பவை எல்லாம் இன்னொரு தடவைக்கு.

மறுநாள் காலை ரயில் ஹ்லாவ்னி நாத்ராஷி என்கிற தலைமை நிலையத்திலிருந்துதான் கிளம்பும், டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஹோலெஷோவிட்ஸே என்று இன்னொரு பெரிய நிலையமும் உண்டு. அரைமணி முன்னால் போனால் மேல்தளத்தில் 1909-ஆம் ஆண்டுக் குவிமாட மண்டபம் இருக்கிறது, கீழே கடைகளோடு திரும்பிவிடுபவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முதல் நடைமேடையில் நிக்கோலஸ் விண்டனின் சிலை, 1939-இல் இந்த நிலையத்திலிருந்து 669 குழந்தைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிக் காப்பாற்ற உதவியவர். உங்கள் ரயிலின் நடைமேடை எண் பலகையில் கடைசி நேரத்தில்தான் வரும், எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், இருக்கை முன்பதிவு செய்திருந்தால் நீங்கள் ஓட வேண்டியதில்லை. வியன்னாவுக்கு நாலு மணி நேரம், நின்றுகொண்டு போகிற தூரம் இல்லை.